கூட விழுகிறவர்

அப்போதிக்கரியாருடைய பந்து எங்கே போய் விழும் என்பதை அவர் அடிக்குமுன்னரே சொல்லிவிடலாம். உங்களுடைய பந்து எங்கே விழுந்ததோ, அங்கே. நீங்கள் பன்புல் பற்றைக்குள் அடித்தால் அவரும் பன்பற்றைக்குள் அடிப்பார். எருமை உழக்கிய சேற்றுக்குள் நீங்கள் அடித்தால் அவருடைய பந்தும் அதே சேற்றில்தான் போய்ப் புதையும். அடித்துவிட்டு நாலு வார்த்தை தன்னையே திட்டிக்கொள்வார். பிறகு கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு, சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கூப்பிடுவார்.

"வாரும் மாஸ்டர், சேர்ந்து தேடுவம். தனியத் தேடினால் பந்து கண்ணில படாது."

கோல்ப் என்றதும் நுவரெலியாவின் பச்சைப் புல்தரையை நினைத்துக்கொண்டு யாரும் சிரிக்கவேண்டாம். எங்களுக்கும் சிரிப்புத்தான். புளியங்குளத்திலிருந்து கிறவல் றோட்டில் உள்ளே போனால் ஒரு குளம். ஆனி பிறந்து நீர் வற்றத் தொடங்கினால், கட்டுக்கு எதிர்ப்பக்கம் அலைகரை வெட்டவெளியாகக் கிடக்கும். மாடுகள் மேய்ந்து புல்லை ஒட்ட நறுக்கி வைத்திருக்கும். அங்கேதான் எங்கள் விளையாட்டு. ரின்பால் வந்த தகரப் பேணியை மண்ணுக்குள் புதைத்தால் அது குழி. அதைச் சுற்றி மணல் பரப்பி, ட்ராக்டரில் வடித்த பழைய எண்ணெயை ஊற்றி மட்டமாக்கினால் பந்து உருளும். ஐப்பசி மழை வந்தால் எல்லாம் தண்ணீருக்குக் கீழே போய்விடும். பிறகு அடுத்த ஆனிவரை நாங்கள் மூன்று பேரும் சாதாரண மனிதர்கள்.

மூன்று பேர் என்றால் அப்போதிக்கரியார், ஓவசியர், நான். நான் அந்த ஊர்த் தமிழ்ப் பாடசாலையில் படிப்பித்தேன். குளத்தையும் வாய்க்காலையும் பார்த்துக்கொள்கிற நீர்ப்பாசன இலாகா ஓவசியர் வடமராட்சிக்காரர். இங்கிலாந்துக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர், போகிற அவசரத்தில், ஒரு பை நிறையக் கோல்ப் மட்டைகளை இவர் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தார். அப்போதிக்கரியார் அரசாங்க மருந்துச்சாலையை நடத்தினார். டொக்டர் இல்லாத அந்தச் சுற்றுவட்டாரத்துக்கு அவர்தான் டொக்டர். மெலிந்த உயரமான மனிதர். காதில் மயிர். மருந்து கலக்கிற விரல்களில் எப்போதும் ஒரு மஞ்சள் கறை. நாங்கள் மட்டுமல்ல, அவருடைய மனைவியே பிறரிடம் பேசும்போது "அப்போதிக்கரியார்" என்றுதான் சொல்லுவா.

பந்துக்குத்தான் பஞ்சம். கொழும்புக்குப் போகிற யாராவது வாங்கி வந்தால் உண்டு. அதனால் எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. தொலைந்த பந்து கிடைக்கும்வரை ஒருவரும் வீட்டுக்குப் போகக்கூடாது. இன்னொரு சட்டமும் உண்டு. நேற்றுவரை ஒழுங்காக அடித்தவனுக்கு இன்று எதை அடித்தாலும் வலப்பக்கம் வளைந்து போகிற காலம் வரும். அதை நாங்கள் "கை குழம்பிப் போச்சு" என்போம். கை குழம்பினவனுக்குப் புத்தி சொல்லக்கூடாது. தோளை இறக்கு, தலையை ஆட்டாதே என்றெல்லாம் தொடங்கினால் உள்ளதும் போய்விடும் என்று ஓவசியர் சொல்லுவார். அந்தச் சட்டத்தை ஆக்கியவர் ஓவசியர். கை குழம்பலுக்கு வைத்தியம் கண்டுபிடித்தவர் அப்போதிக்கரியார்.

அந்த வைத்தியம் எனக்கும் நடந்தது. எங்கள் முதல் பிள்ளை பிறந்த அன்றே போய்விட்டது. மனைவி செட்டிகுளத்தில் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். நான் வெறும் வீட்டில் இருக்கமுடியாமல் பின்னேரங்களில் அலைகரைக்குப் போனேன். மட்டையைத் தூக்கினால் கை என் சொல் கேட்காது. பந்து ஒவ்வொன்றும் வலப்பக்கத்துப் பன்பற்றைக்குள் போய் விழும். பாய் இழைக்கிற பன் அங்கே ஆளுயரத்துக்கு வளர்ந்து நிற்கும். அப்போதிக்கரியாரும் தவறாமல் அதற்குள்ளேயே அடிப்பார். இருவரும் உள்ளே நின்று பன்னை விலக்கி விலக்கித் தேடுவோம். அவர் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார். காதுக்கு விடக் கொடுத்த மருந்தைக் குடித்துவிட்டுக் காது சுகமாகிவிட்டது என்று வந்த கிழவரைப் பற்றிச் சொல்லுவார். ஒருநாள் நான் அந்தப் பற்றைக்குள் நின்று வாய்விட்டு அழுதேன். அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தேடிக்கொண்டேயிருந்தார். இரண்டு பந்தும் அவருடைய சட்டைப்பைக்குள் இருந்ததை வெளியே வந்தபோதுதான் கண்டேன். அந்த மனிதர்மீது எனக்கு அன்று வந்த அன்பை இன்றைக்கும் அளந்து சொல்லத் தெரியவில்லை.

ஆனால் அன்றைக்கும் எனக்கு உண்மை விளங்கவில்லை. அவரும் என்னைப்போலக் கை குழம்பினவர் என்றுதான் நினைத்திருந்தேன். பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு காலை, குளக்கட்டால் சைக்கிளில் வந்தபோது கீழே அவரைத் தனியாகக் கண்டேன். மருதமர நிழலில் நின்று ஒன்றன்பின் ஒன்றாக அடித்துக்கொண்டிருந்தார். எல்லாப் பந்தும் நூல் பிடித்ததுபோல நேரே போய் ஒரே இடத்தில் விழுந்தன. சைக்கிளைச் சாய்த்துவிட்டு இறங்கிப் போனேன். எனக்குக் கோபம்.

"ஐயா, அப்ப நீங்கள் எங்களோட வேணுமெண்டே பிழைக்க அடிக்கிறியளோ?"

களவு பிடிபட்டவர்போல முழித்தார். பிறகு மட்டையின் முனையால் மண்ணைக் கிளறினார்.

"தனிய அடிக்கேக்க நேராத்தான் போகுது மாஸ்டர். அதில என்ன கிடக்கு?"

"எங்களுக்கு இரக்கப்படுறியளோ?"

"இரக்கமில்லை. நீர் அங்க பத்தைக்க நிக்கேக்க நான் இஞ்ச வெளியில நிண்டு என்ன செய்யிறது?"

நான் போய் அந்தப் பந்துகளைப் பொறுக்கிவந்து கொடுத்தேன். ஓவசியருக்குச் சொல்லாதேயும் என்று கேட்டுக்கொண்டார். நான் சொல்லவில்லை.

மருந்துச்சாலையிலும் அதே கூத்துத்தான். வன்னிக் காய்ச்சலுக்குக் குயினைன் தண்ணீர் கொடுப்பார்கள். வாயில் வைக்கமுடியாத கசப்பு. சின்னப் பிள்ளைகள் வாயை இறுக்க மூடிக்கொண்டு நின்றால் இவர் முதலில் தான் ஒரு வாய் குடித்து, முகத்தை அஷ்டகோணலாக்கி, "ஐயோ, சரியான கைப்பு. இப்ப உன்ர முறை" என்பார். காய்ச்சல் காலத்தில் ஒரு நாளைக்கு எத்தனை பிள்ளைகள் வரும்! குடித்த குயினைனால் மாலையில் காது இரைகிறது என்று கையை வைத்துப் பொத்திக்கொண்டு இருப்பார். அக்கா, அதாவது அவருடைய மனைவி, குசினிக்குள்ளிருந்து ஏசுவா. "ஊருக்கு வாற காய்ச்சலுக்கெல்லாம் இவர்தான் மருந்து குடிக்கிறார்." கேட்டு நாங்கள் சிரிப்போம். அக்கா சிரிக்கமாட்டா.

ஏன் இப்படி ஆனார் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. சிலருக்கு இருட்டுப் பயம், சிலருக்கு நாய்ப் பயம். இவருக்கு, பக்கத்தில் ஒருவன் விழுந்துகிடக்க, தான் நிமிர்ந்து நிற்பதில் ஒரு பயம். அவ்வளவுதான் என்னால் சொல்லமுடியும்.

சிங்களம் மட்டுமே அரசாங்க மொழி என்று ஆக்கியபின், அறுபதுகளின் தொடக்கத்தில் சிங்களச் சோதினை, அதாவது மொழிப் பரீட்சை, வந்தது. அரசாங்க உத்தியோகத்தர் எல்லாரும் எழுதவேண்டும். குறித்த காலத்துக்குள் பாஸ் பண்ணாதவர்களுக்கு முதலில் சம்பள உயர்வு நிற்கும், பிறகு வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்று சொன்னார்கள். தமிழ்ப் பாடசாலை வாத்தியாராகிய நான் தப்பினேன். எழுதவே மாட்டோம் என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றவர்களும் இருந்தார்கள். ஓவசியருக்கும் அப்படி நிற்க ஆசைதான். ஆனால் ஊரில் நாலு பெண்பிள்ளைகள். ஐம்பதை எட்டப்போகிற வயதில் சிங்கள அரிவரி எழுதத் தொடங்கினார்.

அப்போதிக்கரியாருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பொலநறுவைப் பக்கத்தில் பல வருடம் வேலை செய்தவர். பேச்சும் எழுத்தும் தண்ணீர் பட்ட பாடு. அவரே ஓவசியருக்கு வாத்தியாரானார். அலைகரையில் பந்தின் பின்னால் நடந்தபடி மாட்டுக்குச் சிங்களத்தில் என்ன, வரம்புக்கு என்ன என்று கேட்பார். ஓவசியர் சொல்லுவார், பிழைக்கும். வாய்ச்சொல் ஓரளவு வந்தது. எழுத்துத்தான் வரவேயில்லை. எழுத்து எல்லாம் தன் கண்ணுக்கு ஒரே வட்டமாகத் தெரிகிறது என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். அந்த வருடம் அவருடைய கை குழம்பியது. மட்டைகளின் சொந்தக்காரர், எங்கள் எல்லாரிலும் நன்றாக ஆடினவர், பேணிக்கு ஒரு முழம் தள்ளியிருக்கிற பந்தைக்கூடத் தவறவிட்டார். அப்போதிக்கரியாரும் தவறவிட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். சிரிப்பு வரவில்லை.

ஓவசியர் முதல்முறை பெயில். இரண்டாம் முறையும் பெயில். அந்த இரண்டு முறையும் அப்போதிக்கரியார் சோதினைக்கே போகவில்லை. மருந்துச்சாலையை விட்டுப் போக வசதிப்படவில்லை என்றார். அக்கா நம்பவில்லை. மூன்றாம் முறை மேலிடத்திலிருந்து கண்டிப்பாக எழுதச் சொல்லிவிட்டார்கள். இருவரும் ஒரே பஸ்ஸில் வவுனியாவுக்குப் போய் எழுதிவிட்டு வந்தார்கள்.

முடிவு வந்தது. இருவரும் பெயில்.

ஊர் மூக்கில் விரலை வைத்தது. "அப்போதிக்கரியாரே பெயில் எண்டால் மற்றாக்களை என்னெண்டு குறை சொல்லுறது?" என்று தேத்தண்ணிக் கடையில் கதைத்தார்கள். ஓவசியரைப் பற்றி அதுவரை கதைத்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். எனக்கு மட்டும் மருதமரத்தடியிலிருந்து நேரே போன பந்துகள் ஞாபகம் வந்தன. அடுத்த நாள் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மருந்துச்சாலையில். அக்கா குசினியில் அரிசி களைந்துகொண்டிருந்தா. நிமிர்ந்து பார்க்காமலே கதைத்தா.

"மாஸ்டர் தம்பி, உங்களுக்குத் தெரியுந்தானே?"

"என்னக்கா?"

"நடிக்காதையுங்கோ. ராவிலை சிங்களப் பேப்பர் வாசிக்கிற மனிசன் எப்பிடிப் பெயில் ஆகிறது? வேணுமெண்டு விட்டுட்டு வந்திருக்கிறார்."

நான் குசினி வாசற்படியில் குந்தினேன்.

"அந்த ஓவசியருக்கு நாலு பெட்டையள் எண்டு இவருக்கு இரக்கம். எனக்கு இருக்கிறது இந்த ஒரு மனிசன் தானே? எனக்கு ஆர் இரங்குறது?"

தண்ணீரை வெளியே ஊற்றினா. அரிசியும் கொஞ்சம் சேர்ந்து போனது. சிந்தியதைப் பொறுக்கி எடுக்கவில்லை. அவவைப் பார்த்தபோதுதான் அந்த மனிதருடைய நல்ல குணத்துக்கு இன்னொரு முகம் இருப்பது எனக்கு உறைத்தது. அவர் யாரோடு விழுந்தாலும் இவவையும் இழுத்துக்கொண்டுதான் விழுகிறார். அதன் பிறகு அவர் முன்னால் தடுக்கி விழவே எனக்குப் பயம் வந்துவிட்டது. ஒரு பந்தைப் பிழைக்க அடிக்கவும் பயம்.

அந்த ஆனியில் ஓவசியர் அலைகரைக்கு வரவில்லை. வாய்க்கால் வேலை என்றார், கால் நோகுது என்றார். அப்போதிக்கரியார் பின்னேரம் பின்னேரம் வந்து மருதமரத்தடியில் காவல் இருப்பார். வழியைப் பார்ப்பார். "ஓவசியருக்கு என்னில ஏதும் கோவமோ மாஸ்டர்?" என்று என்னைக் கேட்பார். நான் ஒரு நாள் பொறுக்கமுடியாமல் ஓவசியருடைய குவாட்டேர்ஸுக்குப் போனேன். அவர் முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார். ஏன் வருவதில்லை என்று கேட்டேன். எழும்பிப் போய் எனக்கும் ஒரு கதிரை கொண்டுவந்து போட்டார்.

"மாஸ்டர், சோதினை மண்டபத்தில நான் அவருக்கு நேர பின்னால, அடுத்த வாங்கில இருந்தனான்."

"ஓம்?"

"மனிசன் குனிஞ்ச தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். நான் ரெண்டு வரி எழுதிப்போட்டுக் கையை மேசையில வைச்சுக்கொண்டு இருக்கிறன். ஒருக்கால் திரும்பினார். என்ர பேப்பரைப் பாத்தார். என்ர முகத்தைப் பாத்தார். பிறகு முன்னுக்குத் திரும்பிப் பேனையை மூடி வைச்சிட்டார். மணியடிக்குமட்டும் யன்னலால வெளியில பாத்துக்கொண்டிருந்தார்."

"நீங்கள் ஏன் அவருக்கு ஒண்டும் சொல்லேல்லை?"

"என்னத்தைச் சொல்லுறது? எனக்கு அது ஆறுதலாயிருந்தது மாஸ்டர். நான் ஒருத்தன் மட்டும் மொக்கனில்லை எண்டு ஊர் கதைக்குமே எண்டு சந்தோசமாயிருந்தது. தெரிஞ்சுகொண்டே சந்தோசப்பட்டனான். அந்த வெக்கத்தோட அவற்ற முகத்தில எப்பிடி முழிக்கிறது?"

அவருடைய கண் கலங்கியிருந்தது. நான் அவர் கையைப் பிடித்தேன். மெல்ல இழுத்துக்கொண்டார்.

"இன்னும் ஒருமுறைதான் மிச்சம். நான் இருக்குமட்டும் அவர் பாஸ் பண்ணமாட்டார். நான் போறன்."

போய்விட்டார். கிடைக்கிற பென்சனே போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, சோதினைக்கு முதலே வேலையை விட்டார். நாலு பெண்பிள்ளைகளுக்கு அது காணாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். புளியங்குளம் ஸ்டேசனுக்கு நாங்கள் இருவரும் வழியனுப்பப் போனோம். சாமான்களை ஏற்றினோம். அப்போதிக்கரியார் பெட்டியின் யன்னலருகில் நின்று, ஊரில் போய்க் கொஞ்சம் ஆறினால் திரும்ப வரலாம் என்றும், தானும் கெதியில் வேலையை விடத்தான் யோசிப்பதாகவும் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஓவசியர் கையை நீட்டி அவரை நிறுத்தினார்.

"ஐயா, இந்தமுறை பின் வாங்கில நான் இருக்கமாட்டன். திரும்பிப் பாக்க அங்க ஒருத்தரும் இல்லை. எழுதி முடியுங்கோ."

அப்போதிக்கரியாருடைய முகம் வெளிறிப் போனது. ஓவசியருக்குத் தெரியும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்கவில்லை.

"நான் உங்களுக்கு ஒரு துணையெண்டுதான்..."

"தெரியும் ஐயா. ஆனால் ரெண்டுபேரும் கிடங்குக்க விழுந்து கிடந்தால் ஆர் ஆரைத் தூக்கிறது? நீங்கள் மேல நிண்டிருந்தால் நான் உங்கட கையைப் பிடிச்சு ஏறியிருப்பன்."

சொல்லிவிட்டு அழுதார். அப்போதிக்கரியார் அழவில்லை. யன்னல் கம்பியைப் பிடித்த கையை எடுக்க மறந்து, வண்டி நகரத் தொடங்கியும் கூடவே நடந்தார். நான் அவரைப் பிடித்து நிறுத்தவேண்டியிருந்தது.

வவுனியாவுக்கு அவர் தனியாகப் போனார். எழுதினார். பாஸ். வெறும் பாஸ் அல்ல, அந்தப் பகுதியில் அவருக்குத்தான் முதலிடம் என்று பேச்சு. கையோடு இடமாற்றமும் வந்தது. தெற்கில், தமிழ்ச் சத்தமே இல்லாத ஓர் ஊரில் ஆஸ்பத்திரி. அக்கா வடை சுட்டு அயலுக்கெல்லாம் கொடுத்தா. பல வருடங்களுக்குப் பிறகு அவவுடைய முகத்தில் சிரிப்பைக் கண்டேன். என்னையும் கூப்பிட்டு, ஒரு தட்டில் வடையைத் தந்து, அதை மருந்துச்சாலைக்குக் கொண்டுபோய் அவரைச் சாப்பிடவைக்கச் சொன்னா.

போனேன். மருந்துக்கு வந்த கூட்டம் கலைந்திருந்தது. நோயாளர் இருக்கிற மர வாங்கில் அவர் இருந்தார். பக்கத்தில் இருந்து தட்டை நீட்டினேன். ஒரு வடையை எடுத்து, பிய்த்து, வாயில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"சந்தோசமோ ஐயா?"

"ஓம், ஓம். சந்தோசம்தான்."

றோட்டால் போன ஒரு மாட்டு வண்டில் மறையும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், பாஸ் பண்ணின நேரம் தொடக்கம் ஓடிப்போய் ஆருக்கோ சொல்லவேணும்போல கிடக்கு. ஆருக்குச் சொல்லுறது?"

"எனக்குச் சொல்லிப்போட்டியள்தானே?"

"ஓம். உமக்குச் சொல்லிப்போட்டன்" என்றார்.

தலையை ஆட்டினார். பிறகும் அந்தக் கேள்வியைக் கேட்டபோது இருந்த அதே முகத்தோடு, ஸ்டேசனுக்குப் போகிற றோட்டைப் பார்த்தபடி இருந்தார்.